கடல் கடக்கும் தொப்பி: இருபுறமும் அணியத்தக்க குளிர்த்தொப்பியும் அதன் அளவுத் திருத்தமும்

மார்கழித் திருவெம்பாவைக் காலத்து விடியற்புறப் பனிக்கு ஒரு சால்வையே போதுமாயிருக்கிற தொண்டைமானாற்றுக் கரையில், கம்பளித் தொப்பி பின்னுவதற்கு ஓர் அத்தியாயம் எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். ஆயினும் 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணத் தீபகற்பத்திலிருந்து பெருந்தொகையாகப் புறப்பட்ட குடும்பங்கள் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் வேரூன்றிவிட்டமையால், வடமராட்சியில் ஓர் அம்மம்மாவின் கையில் உருவாகிற தொப்பி, ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ உறைநிலைக்குக் கீழே இறங்கிய ஒரு சனவரி மாதக் காலையில், பாடசாலைக்குப் புறப்படுகிற பேரப்பிள்ளையின் தலையைச் சென்றடைகிறது. அந்தத் தொப்பியை முன்னிட்டே இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது.

அமெரிக்க மிஷனார் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவிய காலந்தொட்டு, ஊசிவேலை யாழ்ப்பாணத்துப் பெண் கல்வியோடு ஒட்டி வளர்ந்துவந்திருக்கிறது. மேசைவிரிப்பு, தலையணை உறையின் விளிம்பு, கதிரை முதுகுத் துணி என்று குரோசே ஊசியினால் நம் வீடுகளில் செய்யப்பட்ட பொருள்கள் பலவாயினும், அவை யாவற்றுக்கும் பொதுவான ஒரு சௌகரியம் உண்டு: மேசைவிரிப்பு நான்கு விரற்கடை பெருத்துவிட்டாலும் மேசைக்கு நட்டமில்லை. தொப்பியோ இரண்டு விரற்கடை பெருத்தால் கண்ணை மறைக்கும். இரண்டு விரற்கடை சிறுத்தால் நெற்றியை இறுக்கி, அன்றைக்கே கழற்றி எறியப்படும். அதிலும், பின்னுகிறவர் தம் கையால் தொட்டுப் பார்க்க முடியாத ஒரு தலைக்குத் தொப்பி பின்னும்போது, அன்பின் பெரும்பகுதி கணக்கிலேயே அடங்கியிருக்கிறது என்பதை இவ்வத்தியாயம் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூலும் ஊசியும்

இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பது அக்ரிலிக் வூல். அது இயந்திரத்தில் கழுவத்தக்கது, கடிக்காது, விலையும் குறைவு, ஆகையால் குழந்தைகளின் தொப்பிக்கு அதுவே உசிதமானது. ஆட்டுக் கம்பளியின் விசேஷம் வேறு: தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னரும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாத இயல்பு அதற்கு உண்டாதலால், பனியிலே விளையாடி வியர்க்கிற பிள்ளைக்கும், வெளியில் நின்று வேலைசெய்கிற பெரியவர்க்கும் அது மிகுந்த பிரயோசனமாகும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற உறவினரிடம் முற்கூட்டியே சொல்லிவைத்தால், நல்ல கம்பளி நூலை அவர்களே கொண்டுவந்து தருவார்கள்.

நூலின் பருமன் 'ஏரன்' என்று உறையில் குறிக்கப்பட்ட நடுத்தரப் பருமனாக இருக்கட்டும்; ஊசி 5 மி.மீ. அளவினதாக இருக்கட்டும். வயதுவந்தவரின் ஓரடுக்குத் தொப்பிக்கு 100 கிராம் உருண்டை ஒன்று போதும். நம் நாட்டு உஷ்ணத்தில் உள்ளங்கை வியர்க்குமாதலால், அலுமினிய ஊசியில் வூல் ஒட்டிக்கொண்டு கண்ணி தானாகவே இறுகும். மடியில் ஒரு பருத்தித் துண்டை வைத்து இடையிடையே கையைத் துடைத்துக்கொள்வதும், வெயில் தணிந்த மாலையில் வாடைக்காற்றுப் படுகிற விறாந்தையில் இருந்து பின்னுவதும் கண்ணிகளை ஒரே சீராக வைத்திருக்க உதவும்.

தலையை அளத்தல்

அளவுநாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலேயும், காதுகளின் மேல்நுனியைத் தொட்டும், பின்தலையின் மிகப் புடைத்த பாகத்தின் மேலாகவும் சுற்றி, இறுக்காமலும் தொங்கவிடாமலும் எடுக்கும் அளவே தலைச்சுற்றளவாம். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகன் ஆலயத்தின் ஆவணிப் பெருந்திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவினர் வந்திறங்கும் காலம், அவர்கள் வாழும் நாடுகளின் கோடைகால விடுமுறையோடு பெரும்பாலும் ஒத்துவருகிறது. பிள்ளைகளின் தலைகளை நேரிலே அளந்து ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ள அதைவிடச் சிறந்த சமயம் இல்லை. திருவிழாவுக்கும் முதற் பனிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாத அவகாசமும் எஞ்சியிருக்கும்.

நேரில் அளக்க இயலாதவிடத்துத் தொலைபேசியிலே அளவைக் கேட்டறிய வேண்டும். அப்பொழுது 'தலை அளவு என்ன?' என்று மட்டும் கேட்பது போதாது. நாடாவை எங்கே பிடிப்பது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். "பிள்ளை, புருவத்துக்கு மேலாலை, காதுநுனியிலை முட்டிறமாதிரிச் சுத்திப் பிடி, நாடா இல்லையெண்டால் ஒரு நூலைச் சுத்தி, அந்த நூலை அடிமட்டத்திலை வைச்சு அளந்து சொல்லு" என்று சொன்னால், மகளாயினும் மருமகளாயினும் பிழையின்றி அளந்து சொல்வார்.

அளவே கிடையாதபோது வயதைக் கொண்டு உத்தேசிக்கலாம். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 34 செ.மீ.; ஆறாம் மாதத்தில் 43; முதலாண்டு நிறைவில் 46; மூன்று வயதில் 49; ஆறு முதல் எட்டு வயதுக்குள் 52; வயதுவந்த பெண்களுக்கு 54 முதல் 57 வரை; ஆண்களுக்கு 56 முதல் 60 வரை. முதலாண்டில் மட்டும் தலை 12 செ.மீ. வளர்ந்துவிடுகிறதென்பதை இதிலிருந்து அறியலாம். ஆகவே கைக்குழந்தைக்குப் பின்னும்போது, இன்றைய வயதை விட்டு, பொதி போய்ச் சேர்ந்து குளிரும் தொடங்குகிற நாளில் குழந்தைக்கு எத்தனை மாதமாகும் என்பதையே கணக்கில் எடுக்க வேண்டும்.

மாதிரித் துண்டும் கணக்கும்

மாதிரித் துண்டு பின்னுவதை வீண்வேலையென்று கருதுவோர் பலர். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற அந்தச் சதுரமே தொப்பியின் அளவுக்குப் பிரமாணம் ஆகும். தொப்பிக்கு உபயோகிக்கப்போகிற அதே நூலாலும் ஊசியாலும், பின்னே விவரிக்கப்படும் அதே கண்ணியில், ஏறத்தாழ 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, தொப்பியை எவ்வாறு கழுவுவோமோ அவ்வாறே கழுவி, நிழலில் உலர்த்தி, இழுக்காமல் மேசைமீது பரப்பி, அதன் நடுப்பாகத்தில் 10 செ.மீ. தூரத்துக்குள் குறுக்கே எத்தனை கண்ணிகள், மேலே எத்தனை வரிசைகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வத்தியாயத்துக் கணக்குகள் யாவும், 10 செ.மீ.க்கு 14 கண்ணியும் 11 வரிசையும் விழுகிற மாதிரியைக் கொண்டு செய்யப்பட்டவை.

இந்தத் தொப்பி நீள்சதுரமாகப் பின்னி மூட்டப்படுவது. வரிசைகள் தலையைச் சுற்றி அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வரிசையும் விளிம்பிலிருந்து உச்சிவரை நெடுக்காக நிற்கிறது. ஆகவே வரிசைகளின் தொகை சுற்றளவையும், கண்ணிகளின் தொகை உயரத்தையும் நிர்ணயிக்கின்றன. பின்னல் இழுபடும் தன்மையுடையதாகையால், தொப்பி தலையைவிடச் சிறிது சிறுத்திருந்தாலன்றிக் காற்றில் நிலைத்து நிற்காது. பெரியவர்க்கு 5 செ.மீ., பிள்ளைகளுக்கு 4 செ.மீ., கைக்குழந்தைக்கு 3 செ.மீ. என்று தலைச்சுற்றளவிலிருந்து கழித்துக்கொள்க. உயரம், தலைச்சுற்றளவின் எட்டில் மூன்று பங்கோடு, வெளியே மடிக்கும் விளிம்புக்காக 4 முதல் 6 செ.மீ. வரை கூட்டியதாம்.

உதாரணமாக, தலைச்சுற்றளவு 56 செ.மீ. ஆயின், 5 கழிய 51. அதனை 11ஆற் பெருக்கி 10ஆல் வகுக்க 56 வரிசைகள். உயரம் 21 செ.மீ.; மடிப்புக்கு 6 கூட்ட 27; அதனை 14ஆற் பெருக்கி 10ஆல் வகுக்க ஏறக்குறைய 38 கண்ணிகள். வரிசைகளின் தொகை எப்பொழுதும் இரட்டைப்பட்ட எண்ணாகவே இருக்க வேண்டும்; அதன் காரணம் பின்னே விளங்கும். இம்முறைப்படி கிடைக்கும் எண்கள் வருமாறு:

ஒரு வயது (46 செ.மீ.): 48 வரிசை, 30 கண்ணி.
மூன்று வயது (49 செ.மீ.): 50 வரிசை, 33 கண்ணி.
ஆறு முதல் எட்டு வயது (52 செ.மீ.): 52 வரிசை, 34 கண்ணி.
வயதுவந்தவர், நடுத்தரம் (56 செ.மீ.): 56 வரிசை, 38 கண்ணி.
வயதுவந்தவர், பெரிது (59 செ.மீ.): 60 வரிசை, 39 கண்ணி.

வாசகரின் கை வேறு. ஆகையால் மாதிரி எண்ணும் வேறுபடலாம். 10 செ.மீ.க்கு 11 வரிசை விழவேண்டிய இடத்தில் 12 விழுகிற இறுக்கமான கையினால் அதே 56 வரிசைகளைப் பின்னினால், 51 செ.மீ. ஆகவேண்டிய தொப்பி 47 செ.மீ.க்கும் குறைந்து, தகப்பனுக்குக் கருதியது மகனுக்கே உரியதாகிவிடும். கையை மாற்ற முயலாமல், தம் மாதிரியில் விழுந்த எண்ணையே மேற்கண்ட கணக்கில் இட்டுக்கொள்வது எளிது.

பின்னும் முறை

அச்சிட்ட பின்னற் குறிப்புகளைப் பார்த்துப் பின்னுவோர் முதலில் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்க. நம் பாடசாலைகளில் வழங்கிவந்த பிரித்தானியப் பெயர்களும், கனடாவிலிருந்து வரும் குறிப்புகளிற் பெரும்பாலும் காணப்படும் அமெரிக்கப் பெயர்களும் ஒரே கண்ணியைக் குறிப்பனவல்ல. பிரித்தானியர் 'ஹாஃப் ட்ரெபிள்' என்பதையே அமெரிக்கர் 'ஹாஃப் டபிள்' என்பர். ஆதலால் இங்கே கண்ணிகளைச் செயலாலேயே விவரிப்போம்.

அரைநெடுங் கண்ணியாவது: நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலை இழுத்தெடுக்க, ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும்; மறுபடி நூலை எடுத்து மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் வெளியேற்றுவது. குட்டைக் கண்ணியாவது: நூலைச் சுற்றாமலே ஊசியை நுழைத்து இழுத்து, நிற்கிற இரண்டு வளையங்களையும் ஒருசேரக் கடப்பது.

56 செ.மீ. தலைக்கு 39 சங்கிலிக் கண்ணிகள் இடுக. சங்கிலி இறுகினால் தொப்பியின் மூட்டுவாய் சுருங்குமாதலால், சங்கிலிக்கு மட்டும் 5.5 மி.மீ. ஊசியைப் பிடிப்பது நன்று. சங்கிலியைப் புரட்டிப் பார்த்தால் பின்புறத்தில் சிறு முண்டுகள் வரிசையாகத் தெரியும். ஊசியிலிருந்து இரண்டாவது முண்டு தொடங்கி, முண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணியாக, முதல் 32 கண்ணிகளை அரைநெடுங் கண்ணியாகவும் கடைசி 6 கண்ணிகளைக் குட்டைக் கண்ணியாகவும் பின்னுக. குட்டைக் கண்ணிகள் இருக்கும் பக்கமே உச்சி. அங்கே பின்னல் தானாகவே குறுகுவதால், பின்னர் சுருக்கும்போது உச்சியில் மொத்தையான முடிச்சு எழாது.

அடுத்து ஒரு சங்கிலி இட்டுத் திரும்புக. இச்சங்கிலி கண்ணிக் கணக்கில் சேராது. இரண்டாம் வரிசையில் உச்சியிலிருந்து தொடங்குவதால் முதல் 6 குட்டைக் கண்ணி, பின் 32 அரைநெடுங் கண்ணி. இவ்வரிசை முதலாக, கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் நமக்கு அப்பாற்பட்ட பின்இழையை மாத்திரமே ஊசியால் எடுக்க வேண்டும். எடுக்காது விடப்பட்ட முன்இழை ஒரு வரம்பாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் துணியைத் திருப்புகிறோமாதலால், அந்த வரம்பு ஒரு வரிசைக்கு இப்புறமும் மறு வரிசைக்கு அப்புறமுமாக மாறிமாறி விழுகிறது. அதனாலேயே இப்பின்னலுக்கு நற்புறம், மறுபுறம் என்ற பேதம் இல்லாமற்போகிறது. மூட்டும்போதும் இந்த மாறுமுறை பிசகாமல் தொடர வேண்டுமென்பதற்காகவே வரிசைகளின் தொகை இரட்டைப்பட்டதாக இருக்க வேண்டுமென்று முன்னே சொன்னோம்.

பழகாத கைகள் வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிட, வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, நீள்சதுரம் சாய்சதுரமாகிவிடுவதுண்டு. வேறு நிற நூற்துண்டொன்றை ஒவ்வொரு வரிசையின் முதற் கண்ணியிலும் செருகிவைத்தால், திரும்பிவரும்போது கடைசிக் கண்ணி எதுவென்று சந்தேகமின்றித் தெரியும். பத்து வரிசைக்கு ஒருமுறை 38 கண்ணிகளும் உளவா என்று எண்ணிப் பார்ப்பது நல்வழக்கம்.

மூட்டலும் உச்சியைச் சுருக்கலும்

56ஆவது வரிசை முடிந்ததும் மூட்டவும் உச்சியைச் சுருக்கவும் போதுமான நீளத்துக்கு நூலை விட்டு நறுக்குக. கடைசி வரிசையையும் தொடக்கச் சங்கிலியையும் அருகருகே பிடித்து, மழுங்கிய முனையுள்ள கம்பளித் தையலூசியினால், கடைசி வரிசையின் பின்இழை ஒன்று, அதற்கு நேரான சங்கிலி இழை ஒன்று என மாறிமாறிக் கோத்து மூட்டுக. முழுக் கண்ணியையும் பிடித்து இறுக்கித் தைத்தால் ஒருபுறத்தில் தழும்புபோல் ஒரு மேடு தோன்றி, அப்புறம் அணிய இயலாததாகும். ஓரிழையை மட்டும் பிடித்துத் தளர்வாகக் கோத்தால், மூட்டுவாய் வரம்புகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் ஒன்றாக மறைந்துவிடும்.

பின்னர் உச்சிப்பக்கத்து விளிம்பிலே, இரண்டு வரிசைக்கு ஒருமுறை ஊசியைக் கோத்துச் சுற்றிவந்து, நூலை மெல்ல மெல்ல இழுத்துச் சுருக்குக. ஒரே இழுப்பாக இழுத்தால் நூல் அறும். வாய் மூடியபின் அதே வழியாக மற்றுமொரு சுற்றுக் கோத்து, முடிச்சிடாமல், நூலின் எச்சத்தை வரம்பொன்றின் உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓட்டி மறைக்க வேண்டும். இருபுறமும் அணியும் தொப்பியிலே முடிச்சு எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் அது முகப்பிலே விழுந்ததாகும்.

அளவைத் திருத்துதல்

இம்முறையைப் பிற முறைகளிலும் மேலாகக் கருதுவதற்குக் காரணமே திருத்தத்தின் எளிமைதான். உச்சியிலிருந்து வட்டமாகப் பின்னி இறங்குகிற தொப்பியில் சுற்றளவு பிழைத்தால், பிரச்சினை தொடங்கிய சுற்றுவரை முழுவதையும் அவிழ்க்க நேரும். இதிலோ உச்சிச் சுருக்கையும் மூட்டுவாயையும் பிரித்தால், துணி மறுபடியும் நீள்சதுரமாகி நம் முன் கிடக்கும். தொப்பி பெரிதாயின் கடைசி வரிசையிலிருந்து இரண்டிரண்டாக அவிழ்க்கலாம். சிறிதாயின் அதே இடத்தில் நூலைத் தொடுத்து இரண்டிரண்டாகக் கூட்டலாம். நமது மாதிரிக் கணக்கில் இரண்டு வரிசைக்கு 1.8 செ.மீ. மாறுபடும். உயரம் மிகுந்தால் விளிம்பை இன்னும் ஒரு விரற்கடை மடித்துவிடுவதே போதும். உயரம் குறைந்தால் மடிப்பைத் தாழ்த்தலாம். வளரும் பிள்ளைகளுக்கு மடிப்பைத் தாராளமாக விடச் சொல்வது இதற்காகவே. பெரிய தொப்பியைச் சிறிதாக்கும் நோக்கத்துடன் விளிம்பில் இலாஸ்ரிக் கோப்பது விரும்பத்தக்கதன்று. அது நெற்றியில் தழும்பிடும். மறுபுறம் புரட்டும்போது வெளியேயும் தெரியும்.

ஈரடுக்குத் தொப்பி

கடுங்குளிர் நாட்டிற்கு, இரு நிறங்களில் இரண்டு தொப்பிகளைப் பின்னி ஒன்றாக்கினால், ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் செம்மஞ்சளுமாக இரண்டு தொப்பியின் பயனைப் பிள்ளை அடையும். விடிந்தும் இருள் நீங்காத குளிர்காலக் காலையில் தெருவைக் கடக்கும்போது செம்மஞ்சள் பக்கம் வாகனக்காரரின் கண்ணிற்படும். அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே வெப்பத்தைக் காக்கிறது. இதற்கு ஏரன் நூல் பாரமாகும், 'டி.கே.' என்னும் மெல்லிய நூலையும் 4 மி.மீ. ஊசியையும் கொண்டு, புதிதாக மாதிரி பின்னிக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் அடுக்கு இடத்தைப் பிடிக்குமாதலால் இரண்டு துண்டிலும் இரண்டிரண்டு வரிசைகளை அதிகமாகச் சேர்த்துக்கொள்க.

தனித்தனியே மூட்டி உச்சியைச் சுருக்கிய பின், உச்சி நூல்களின் எச்சங்கள் இரண்டும் அடுக்குகளுக்கிடையே வரும்படி ஒன்றை மற்றொன்றுக்குள் நுழைத்து, அவ்வெச்சங்களை ஒன்றோடொன்று முடிச்சிடுக. இவ்வொரு முடிச்சுக்கே நம் தொப்பியில் இடமுண்டு. இம்முடிச்சு இல்லையேல் கழற்றும்போதெல்லாம் உள்ளடுக்கு வெளியே வந்துவிடும். பின்னர் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, நான்கு வரிசைக்கு ஐந்து குட்டைக் கண்ணிகள் வீதம் தளர்வாகச் சுற்றிப் பின்னி இணைத்தால், மடித்த விளிம்பில் மறுநிறம் ஒரு பட்டியாகத் தோன்றி அழகு செய்யும். கைக்குழந்தையின் தொப்பியில் பொத்தான், மணி, நீண்ட கயிறு முதலியன வேண்டா. வீட்டினுள் உறங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடும்படியும் தாய்க்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கழுவலும் அனுப்பலும்

சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நம் தீபகற்பத்துக் கிணற்றுநீர் வன்னீராதலால், சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படிவாகக் கம்பளியில் ஒட்டும். மாரியிற் பிடித்துவைத்த மழைநீர் கிடைத்தால் அதிலே, மென்மையான திரவச் சவர்க்காரத்தைக் கலந்து, தேய்க்காமலும் முறுக்காமலும் அமிழ்த்தி எடுத்து, துவாயில் சுருட்டி நீரை அகற்றி, நிழலில் பரப்பி உலர்த்துக. ஆட்டுக் கம்பளியைச் சுடுநீரில் அலசினால் அது சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக்கின்மேல் சூடான ஸ்திரிக்கைப்பெட்டி பட்டால் அதன் இழுபடும் தன்மை ஒரேயடியாகக் கெட்டுவிடும். அனுப்பும்வரை, நன்றாக உலர்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் வைத்திருத்தல் நலம்.

தொப்பியோடு ஒரு சிறு கடதாசியும் செல்லட்டும். எந்தத் தலையளவுக்குப் பின்னப்பட்டது, எத்தனை வரிசை, எத்தனை கண்ணி, எந்த ஊசி, எந்த நூல், எப்படிக் கழுவ வேண்டும் என்பவற்றை அதில் எழுதி, மிஞ்சிய நூலையும் ஒரு சிறு உருண்டையாகச் சுற்றி உடன் வைக்க வேண்டும். அளவு சற்றுப் பிழைத்திருந்தால் அங்கேயே ஒருவர் மூட்டுவாயைப் பிரித்து இரண்டு வரிசையைக் கூட்டவோ குறைக்கவோ அதுவே போதுமானது. அக்குறிப்பின் பிரதியொன்றைத் தம் கொப்பியிலும் வைத்திருப்பவர், அடுத்த ஆவணியில் பிள்ளை வந்ததும் தலையை மறுபடி அளந்து, கூடிய சென்ரிமீற்றருக்கு எத்தனை வரிசை என்று கணக்கிட்டு, அவ்வருடத்துத் தொப்பியைச் சந்தேகமின்றித் தொடங்கலாம்.